போர்ஷ் 914: ஐம்பது வருஷத்து ஒரிஜினல் பெட்ரோல் ஹோஸ், விடலாமா மாற்றலாமா?

நடுஎஞ்சின்73 (ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா)

வணக்கம் மக்களே. ரொம்ப நாள் தேடி ஒரு 914 கைக்கு வந்துவிட்டது. 1973 மாடல், 2.0 லிட்டர், கார்புரேட்டர் இல்லாமல் மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன். முதல் ஓனரிடமே வாங்கினேன். எண்பது தாண்டிய மனிதர். வாங்கிய நாள் முதல் உள்ள ரசீதுகளையெல்லாம் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். மறு பெயிண்ட் கிடையாது, சீட் துணி கூட பழசுதான்.

விஷயம் என்னவென்றால், எஞ்சின் பக்கம் இருக்கும் பெட்ரோல் ஹோஸ் எல்லாம் ஃபேக்டரியில் போட்டதே. கறுப்புத் துணிப் பின்னல் சுற்றிய ஜெர்மன் ஹோஸ். ஹோஸ் மாற்றியதாக ரசீதில் ஒரு வரி இல்லை. வெளியே பார்த்தால் வெடிப்பு, ஈரம் எதுவும் தெரியவில்லை. சாவியைத் திருப்பியதும் பம்ப் ஒரு நொடி ஓடி நிற்கும் இல்லையா, அப்போது மட்டும் லேசாகப் பெட்ரோல் வாடை வருகிறது. பிறகு போய்விடுகிறது.

இதைப் பழைய கார் போட்டியில், ரெஸ்டோர் செய்யாத கார்களுக்கான பிரிவில் கொண்டுபோய் நிறுத்த ஆசை. அதனால் ஹோஸைத் தொடத் தயக்கம். இணையத்தில் ஒருவர் 1974-இல் பேக் செய்த, பிரிக்காத ஒரிஜினல் ஹோஸ் விற்கிறார், விலை யானை விலை. அதை வாங்கிப் போடலாமா? இல்லை, ஸ்பேர் கடையில் அடி கணக்கில் வெட்டித் தருகிற ஹோஸே போதுமா? அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள்.

---

ஹரோ_எம்ஜிபி (லண்டன்)

தம்பி, முதல் வேலை: இனி ஸ்டார்ட் பண்ணாதேங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

என்ர கார் எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதில எஸ்யூ பம்ப் தாற அழுத்தம் 3 பிஎஸ்ஐக்கும் கீழ. ஹோஸ் வெடிச்சால் சொட்டும், அவ்வளவுதான். அந்தச் சொட்டே போதும் எண்டது வேற கதை. அதின்ர பி-சீரிஸ் எஞ்சினில கார்புரேட்டரும் எக்ஸோஸ்ற்றும் ஒரே பக்கம். இரண்டு கார்புரேட்டருக்கும் நேர கீழ சூடான மனிஃபோல்ட், இடையில ஒரு தகடு, அவ்வளவு. ரெண்டு கார்புரேட்டரையும் இணைக்கிற அந்தக் குட்டி ஹோஸ்தான் எனக்கு எப்பவும் பயம். விரல் நீளம்கூட இல்லை, ஆரும் கவனிக்கிறதும் இல்லை.

உங்கட டி-ஜெட்ரானிக் எண்டால் 2 பார், கிட்டத்தட்ட 29 பிஎஸ்ஐ. அதில ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் சொட்டாது, பன்னீர் தெளிச்ச மாதிரிப் பீச்சும். வாடை வருது எண்டால் எங்கேயோ வெளிய வருது எண்டுதான் அர்த்தம். "பிறகு போயிடுது" எண்டதில ஆறுதல் ஒண்டும் இல்லை. எஞ்சின் ஓடத் தொடங்கினால் ஃபான் காத்து வாடையை அள்ளிக்கொண்டு போயிடும். லீக் நிண்டது எண்டு நீங்கள் நினைப்பியள்.

---

ரப்பர்_ரிட்டயர்டு (கோவை)

ஹோஸ் தயாரிக்கும் தொழிற்சாலையில் கலவைப் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் ரப்பர் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். கார் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

அந்தக் காலத்து பெட்ரோல் ஹோஸின் உள்சுவர் பெரும்பாலும் நைட்ரைல், அதாவது என்பிஆர். அக்ரிலோநைட்ரைலும் பியூட்டாடையீனும் சேர்ந்தது. அக்ரிலோநைட்ரைல் பங்கு கூடக்கூட பெட்ரோலைத் தாங்கும், ஆனால் குளிரில் விறைக்கும். அதனால் வளைந்து கொடுப்பதற்காக ஒரு எண்ணெயை, பிளாஸ்டிசைசரை, கலவையில் சேர்ப்போம். பெட்ரோல் முதலில் தின்பது அந்த எண்ணெயைத்தான். தின்றுவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும். ஹோஸ் நனைந்திருக்கும் வரை உப்பலாக, மெதுவாக இருக்கும். ஒரு குறையும் தெரியாது. காரை ஆறு மாதம் நிறுத்திவைத்தால் பெட்ரோல் ஆவியாகிப் போகும். திரும்ப நிரப்ப எண்ணெயும் இல்லை. ரப்பர் சுருங்கும், வெடிக்கும். தினமும் ஓடும் கார் ஹோஸை விட ஷெட்டில் மூடிவைத்த கார் ஹோஸ் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் இதுதான்.

இது போக எஞ்சின் சூட்டில் ரப்பர் வெந்துகொண்டே இருக்கும், அதனால் வருஷாவருஷம் கடினமாகும். காற்றில் உள்ள ஓசோன் வெளிப்பக்கத்தைக் கடிக்கும், அதிலும் வளைவில் இழுபட்டு நிற்கும் இடத்தை. கிளிப் அழுத்திய இடம் அழுங்கியபடியே நின்றுவிடும். கிளிப்பைத் திரும்ப முறுக்கினாலும் ரப்பர் திமிறிக்கொண்டு வராது.

இப்போது பெட்ரோலில் கலக்கிற எத்தனால் பற்றி ஒரு வார்த்தை. சுத்த பெட்ரோலில் ஊறுவதை விடவும், சுத்த எத்தனாலில் ஊறுவதை விடவும், இரண்டும் கலந்ததில் நைட்ரைல் அதிகமாக ஊதும். பத்து, இருபது சதவீதக் கலவை ரப்பருக்குச் சாதுவானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எரிபொருள் மாறும்போது பழைய ரப்பர் சேட்டை செய்வது புதிதும் அல்ல. 1993 அக்டோபரில் அமெரிக்காவில் டீசலில் கந்தகத்தைக் குறைத்தார்கள். கூடவே ரப்பரை உப்பவைக்கும் அரோமாட்டிக் சேர்மங்களின் பங்கும் குறைந்தது. அதுவரை ஊறி உப்பியிருந்த பழைய நைட்ரைல் சீல்கள் சுருங்கின. பம்புகள் ஒழுக ஆரம்பித்தன. எங்கள் துறையில் அதைப் பாடமாகவே சொல்வார்கள்.

பேக் பிரிக்காத 1974 ஹோஸ் விஷயம்: ரப்பருக்கு பேக்கெட் தெரியாது, தேதிதான் தெரியும். ஐஎஸ்ஓ 2230 என்று ரப்பர் பொருட்களைச் சேமிப்பதற்கான தரநிலை ஒன்று உண்டு. நைட்ரைலுக்கு அது கொடுப்பது 7 வருஷம்; சோதித்துப் பார்த்து நன்றாக இருந்தால் இன்னும் 3 வருஷம். அதுவும் இருட்டில், சூடில்லாமல் வைத்திருந்தால்.

---

அசலே_அழகு (மிச்சிகன்)

இந்த இழையில் நான்தான் வில்லன் என்று தெரிகிறது, பரவாயில்லை.

என்னிடம் இருப்பது கார்வெட். எங்கள் கார்வெட் சங்கமான என்சிஆர்எஸ் நடத்தும் ஜட்ஜிங்கில் ஹோஸ் மேல் உள்ள அச்செழுத்து, கிளிப்பின் மாதிரி, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வரை பார்ப்பார்கள். கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் ஒரு கார் ஃபேக்டரியை விட்டு எப்படி வெளியே வந்தது என்பதற்கு இருக்கும் சாட்சி அந்தச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். பெயிண்டைத் திரும்ப அடிக்கலாம். ஃபேக்டரி ஆள் தன் கையால் மாட்டிய ஹோஸைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

914 மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதில் ஹோஸ் வரை கலையாமல் இன்று எத்தனை இருக்கும்? "பாதுகாப்பு" என்ற ஒற்றை வார்த்தையைச் சொல்லி ஆளாளுக்கு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டதால்தான் இப்போது ஒரிஜினல் எப்படி இருந்தது என்று படம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த 2.0-வை ஓட்டாமல் வைத்திருக்க முடியும் என்றால் ஹோஸைத் தொடாதீர்கள். பெட்ரோலை இறக்கிவிட்டு, அப்படியே காட்சிக்கு வையுங்கள்.

---

இஸட்_ஆசாமி (ஹூஸ்டன்)

வில்லன் சாருக்கு மரியாதையோடு ஒரு கேள்வி. பெட்ரோல் இல்லாமல் நிறுத்திய காரை எந்தப் போட்டியில் சேர்த்துக்கொள்கிறார்கள்? பல இடங்களில் தானாக ஓடி வந்து நிற்க வேண்டும் என்பதே விதி. ட்ரெய்லரில் இருந்து இறங்கி புல்வெளி வரை போனாலும் பம்ப் 2 பாரில்தான் தள்ளும்.

என்னிடம் டாட்சன் 280இஸட். அதில் எல்-ஜெட்ரானிக், 36 பிஎஸ்ஐ. 240இஸட்டில் கார்புரேட்டர், 1975-இல் 280 வந்தபோது இன்ஜெக்‌ஷன். ஆறு இன்ஜெக்டருக்கும் ஆறு குட்டி ஹோஸ், கட்டைவிரல் அளவு. என் நண்பர் ஒருவரின் காரில் அதில் ஒன்று ஹைவேயில் பிய்த்துக்கொண்டது. ஆள் தப்பித்தார், காரின் முன்பாதி போய்விட்டது. பொசுங்கிய காரின் எந்தக் கிளிப் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. "புதுசு போட்டால் போதும்" என்று நினைக்காதீர்கள். கடையில் அடி கணக்கில் கிடைப்பதில் பாதி எஸ்ஏஇ ஜே30 என்ற அமெரிக்கத் தரநிலையில் ஆர்6 அல்லது ஆர்7 வகை. இரண்டுமே கார்புரேட்டர் காலத்துச் சரக்கு. வேண்டியது ஆர்9. ஆர்7-க்கு 50 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கும்; 29தானே நம்முடையது என்று கணக்குப் போட்டு மாட்டிவிடுவார்கள். அழுத்தத்தை அது தாங்கும். ஆனால் சுவர் வழியாகவே பெட்ரோல் கசியும். தரநிலையே ஆர்7-க்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 550 கிராம் வரை கசிய அனுமதிக்கிறது. ஆர்9-க்கு 15 கிராம். கராஜில் எந்நேரமும் வாடை அடிக்கிறது, ஆனால் லீக் எங்கேயும் இல்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் ஹோஸில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள்.

---

ஹரோ_எம்ஜிபி (லண்டன்)

இஸட் ஆசாமி சொல்லுறது சரி. இங்க 2021 செப்டெம்பரில சாதாரண 95 பெற்றோல் எல்லாம் இ10, அதாவது பத்து வீதம் வரை எத்தனால் கலந்தது, ஆகிட்டுது. சூப்பர் எண்டு விக்கிற 97க்கு மேல உள்ளதுதான் இன்னும் இ5. நான் அதைத்தான் அடிக்கிறன், காசு கூட எண்டாலும்.

ஆனால் ஒண்டு சொல்லவேணும். எங்கட கிளப்பில பழைய ஹோஸ் முப்பது வருஷம் நிண்டது, புதுசு மூண்டு வருஷத்தில வெடிச்சது எண்டு சொல்லுற ஆக்கள் ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. வளைச்சால் மேற்பரப்பு முழுக்கக் கோடு கோடாய்ப் பிளக்குது. கடையில கேட்டால் "எத்தனால்" எண்டு கையை விரிக்கினம். இதுக்கு ரப்பர் ஐயா என்ன சொல்லுறார்?

---

ரப்பர்_ரிட்டயர்டு (கோவை)

வெளிப்பக்கம் கோடு கோடாகப் பிளந்தால் அது எத்தனால் வேலை அல்ல. உள்ளே ஓடும் எத்தனால் வெளித்தோலை அப்படிப் பிளக்காது. அது ஓசோன். வெளித்தோலுக்கு குளோரோப்ரீனோ, அதற்கு ஈடான வேறு ரப்பரோ போட வேண்டிய இடத்தில் காசு மிச்சம் பிடிக்க நைட்ரைலையே மலிவாகப் போட்டு, ஓசோன் தடுப்பானையும் குறைத்தால் மூன்று வருஷம் கூட அதிகம். அச்சு என்னவோ ஆர்6 என்றுதான் இருக்கும். அச்சடிக்க மை போதுமே.

பழையதை வெட்டிப் பார்த்துவிட்டு புதியதையும் வெட்டிப் பாருங்கள். நல்ல ஆர்9-இல் வெட்டுமுகத்தில் வளையங்கள் தெரியும்: உள்ளே மெல்லியதாக ஒரு படலம், அதுதான் எஃப்கேஎம், விட்டான் என்று சொல்வது, அதற்கு மேல் வேறு ரப்பர், நடுவில் நூல், வெளியே தோல். உள்படலம் மிக மெல்லியது. அதில்தான் காசு இருக்கிறது, அதனால் யாரும் தாராளமாகப் போடமாட்டார்கள். ஆகவே மொட்டைக் கத்தியால் நசுக்கி வெட்டாதீர்கள். புது பிளேடு, ஒரே வெட்டு, செங்குத்தாக. முனை கிழிந்தால் படலத்துக்கும் ரப்பருக்கும் நடுவில் பெட்ரோல் நுழைந்து உரித்துக்கொண்டு போகும். உரிந்த துண்டு உள்ளே வால்வு மாதிரி மடங்கிக்கொண்டு பெட்ரோலை அடைத்ததையும் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும்போது இடுக்கியால் ஹோஸை நெரித்துப் பெட்ரோலை நிறுத்துகிற பழக்கமும் அப்படித்தான். வெறும் நைட்ரைல் ஹோஸில் செய்தால் பரவாயில்லை, இதில் செய்தால் படலம் முறியும்.

---

பெருங்களத்தூர்_ஹெரால்டு (சென்னை)

சார், நடுவுல பூந்து பேசறேன். ஸ்போர்ட்ஸ் கார்லாம் இல்ல, நம்ம கிட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். ஆனா ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் இதோட சேஸிஸைக் குறுக்கிப் பண்ணதுதானே, அந்த உரிமையில எழுதறேன். இங்க மெட்ராஸ்லயே அசெம்பிள் ஆன வண்டி.

நம்ம ஊர்ல இப்போ பங்குல கேட்டு வாங்கற மாதிரி இல்ல, எல்லாம் இ20. 2023-ல சில பங்குல ஆரம்பிச்சு இப்போ எங்க போனாலும் அதான். பழைய வண்டிக்காரன் என்ன பண்ணுவான்? ஜி.பி. ரோட்டுல ஹோஸ் கேட்டா கறுப்பா ஒரு சுருளை எடுத்துக் காட்டறாங்க. மேல எழுத்தே கிடையாது. "ஃபாரின் ஐட்டம் சார், லைஃப் லாங்" அப்படிங்கறார். ஒரு கடைல கேஸ் ஸ்டவ் ட்யூபைக் காட்டி இதுவே போதும்னாங்க!

நம்ம வண்டில மெக்கானிக்கல் பம்ப், அழுத்தம் கம்மி. அதுக்கும் ஆர்9 தேவையா? இல்ல, பணத்தை வேஸ்ட் பண்றேனா?

---

இஸட்_ஆசாமி (ஹூஸ்டன்)

ஹெரால்டு சார், அழுத்தத்துக்காக இல்லை, உள்படலத்துக்காக ஆர்9 போடுங்கள். இ20-க்கு எஃப்கேஎம் உள்படலம் இல்லாத எதையும் நான் மாட்டமாட்டேன். எழுத்தே இல்லாத ஹோஸை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒரே ஒரு சிக்கல்: ஆர்9 சுவர் கொஞ்சம் விறைப்பு, சின்ன வளைவில் மடிந்துவிடும். பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை வளைந்த உலோகப் பைப் இருந்தால் அதை வைத்துக்கொண்டு, இரண்டு முனையிலும் மட்டும் குட்டி ஹோஸ் போடுங்கள். ரப்பர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிம்மதி.

கேஸ் ட்யூபைக் காட்டிய கடைப் பக்கம் மறுபடி போகாதீர்கள் :)

---

அசலே_அழகு (மிச்சிகன்)

சரி, ஓடி வர வேண்டும் என்ற விதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை.

பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. பாதுகாப்புக்காக மாற்றுவதை அது மறுக்கவில்லை. திரும்பப் பழையபடி ஆக்கக்கூடியதாகச் செய், தோற்றத்தைக் கெடுக்காதே, கழற்றிய ஒரிஜினலை காரோடு வைத்திரு என்கிறது. ஆகவே கழற்றுகிற ஒவ்வொரு ஹோஸையும் கிளிப்போடு, எந்த இடத்தில் இருந்தது என்று அட்டை கட்டி, பையில் போட்டு, அந்தச் செருப்புப் பெட்டியோடு வையுங்கள். கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் படம். மாற்றாகப் போடுவது துணிப் பின்னல் ஹோஸாக இருக்கட்டும். ஸ்டீல் பின்னல் போட்ட ரேஸ் கார் ஹோஸை அந்த எஞ்சின் மேல் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

---

இஸட்_ஆசாமி (ஹூஸ்டன்)

ஸ்டீல் பின்னல் விஷயத்தில் வில்லனோடு கூட்டணி. அழகுக்காக இல்லை. அந்தப் பின்னலுக்குள் இருப்பதும் பல நேரம் சாதா ரப்பர்தான். கெட்டுப்போனாலும் வெளியே பளபளவென்று இருக்கும். உரசுகிற இடத்தில் ஸ்டீல் பின்னல் அரம் போல வேலை செய்யும், வயரிங்கைத் தின்றுவிடும். உள்ளே பிடிஎஃப்இ, அதாவது டெஃப்லான், போட்டது நல்ல சரக்கு, ரப்பர் மாதிரி முதுமை அதற்குக் கிடையாது. ஆனால் பெட்ரோல் ஓடும்போது சேரும் ஸ்டாட்டிக்கைக் கடத்த கார்பன் கலந்த பிடிஎஃப்இயாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருப்பதை வாங்காதீர்கள். மடித்தால் நிமிராது. அதற்கென்று தனி ஃபிட்டிங் வேண்டும், பழைய பைப் மேல் சொருகிக் கிளிப் போடுகிற வேலை ஆகாது.

---

நடுஎஞ்சின்73 (ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா)

எல்லாருக்கும் நன்றி. ஹரோ அண்ணன் சொன்னபடி அன்றிலிருந்து ஸ்டார்ட் செய்யவில்லை. இந்த வாரக் கடைசியில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

வாடை எங்கிருந்து என்று தெரிந்துவிட்டது. பின்பக்கத்து இன்ஜெக்டர் ஒன்றின் ஹோஸ். வெளியே துணி காய்ந்துதான் இருந்தது. விரலால் வளைத்தபோது உள்ளே நறநற என்றது. பிளேடால் துணியை மட்டும் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன்: ரப்பரில் சுற்றளவில் பாதிக்கு வெடிப்பு, மேலே அழுக்கு தேன் நிறத்தில் பிசின் மாதிரி படிந்திருந்தது. பெட்ரோல் வெளியே வந்து, துணியிலேயே ஊறி, ஆவியாகி, வண்டலை மட்டும் விட்டுப் போயிருக்கிறது. துணி ஈரத்தைக் குடித்துவிடுவதால் கீழே ஒரு சொட்டு விழவில்லை. மற்ற மூன்றையும் பிரித்தால் ஒன்று கிட்டத்தட்ட இதே கதி, இரண்டு கடினம் ஆனால் வெடிக்கவில்லை. நான்குமே வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி. இந்தத் துணியைப் போட்டவன் மேல் கோபமாக வருகிறது.

பம்ப் பக்கம் இன்னும் மோசம். 914 தெரியாதவர்களுக்கு: 1974 வரை பம்ப் எஞ்சினுக்கு அருகே வலது பக்கம், ஹீட் எக்ஸ்சேஞ்சர் சூடு படுகிற இடத்தில் இருக்கும். மேலே பேட்டரி தட்டு. 1975-இல்தான் முன்பக்கம் கொண்டுபோனார்கள். அரை நூற்றாண்டாகப் பேட்டரி ஆசிட் ஆவியும் கீழே சூடும். அங்கிருந்த ஹோஸின் துணி தொட்டதும் சாம்பலாக உதிர்ந்தது, ரப்பர் வெயிலில் காய்ந்த வடகம் போல நொறுங்கியது. அட்டை கட்டிப் பையில் போட முடிந்தது முழு ஹோஸ் இல்லை, துண்டுகள்தான். மிச்சிகன் சார் மன்னிக்கவும்.

1974 பேக்கெட் ஹோஸ் விற்றவரிடம், ஒரு அங்குலம் வெட்டி வளைத்துப் படம் அனுப்புங்கள் என்று கேட்டேன். "கலெக்டர் ஐட்டத்தை வெட்டமாட்டேன்" என்றார். அத்தோடு அது முடிந்தது.

இப்போது சந்தேகம்: துணிப் பின்னல் ஹோஸை டின் 73379 என்ற ஜெர்மன் தரநிலைப் பெயரில் விற்கிறார்கள். இங்கே பங்கில் கிடைப்பதெல்லாம் இ10, இதற்கு அது தாங்குமா? அளவு என்ன வாங்குவது? இன்ஜெக்டரில் ஒட்டியிருக்கும் பழைய ஹோஸை எப்படிக் கழற்றுவது?

---

இஸட்_ஆசாமி (ஹூஸ்டன்)

டின் 73379 என்பது ஒரு குடும்பப் பெயர், அதற்குள் வகைகள் உண்டு. துணிப் பின்னல் இருக்கிறது என்பதற்காக உள்ளே எஃப்கேஎம் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பெரும்பாலானவற்றில் நைட்ரைல்தான். விற்பவரிடம் உள்சுவர் என்ன, எத்தனை பார், எத்தனாலுக்கு ஏற்றதா என்று தயாரிப்பாளர் தாளைக் கேளுங்கள். தாள் தர முடியாதவரிடம் வாங்க வேண்டாம். எத்தனாலுக்கென்றே செய்த துணிப் பின்னல் ஹோஸ் ஜெர்மனியில் இருந்து வருகிறது, விலை கூடுதல்.

என் சொந்த யோசனை: வெளியே தெரிகிற இடத்தில் அதைப் போடுங்கள். பம்ப் பக்கம், கீழே, யார் கண்ணும் படாத இடத்தில் துணி இல்லாத ஆர்9. வெடித்தால் வெளியே தெரிய வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

அளவு மில்லிமீட்டரில் வாங்குங்கள். 5/16 அங்குலம் என்றால் 7.9 மிமீ. ஜெர்மன் இன்ஜெக்‌ஷன் பைப் அதை விடச் சின்னது. லொடலொடவென்று இருப்பதை கிளிப்பால் இறுக்கிச் சமாளிக்கிறவர்கள் நிறைய. கிளிப் முறுக்க முறுக்க ஹோஸில் ஒரு மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியே கசியும். கையால் தள்ளினால் முக்கிக்கொண்டு ஏற வேண்டும், அதுதான் சரியான அளவு.

இன்ஜெக்டர்: அடிவாரத்தில் ஹோஸைச் சுற்றி ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். உள்ளே முள் முள்ளாகப் பள்ளம் வெட்டிய முனை. கத்தியால் ஆழமாகக் கீறி இழுப்பதுதான் எல்லாரும் செய்வது. கத்தி அந்த முள்ளில் ஒரு கீறல் போட்டால் முடிந்தது, எந்தப் புது ஹோஸ் போட்டாலும் அந்தக் கீறல் வழியே வரும். இன்ஜெக்டரைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவாருங்கள். ரப்பரின் கனத்தில் முக்கால்வாசி வரை மட்டும் கீறி, மீதியைக் கையால் பிரித்துக் கிழியுங்கள். சோம்பேறித்தனமாக எஞ்சின் மேலேயே வைத்துச் செய்யாதீர்கள்.

கிளிப், ஓட்டை வரிசை போட்ட, ஸ்க்ரூவால் முறுக்குகிற சாதா வார்ம் கிளிப் கூடாது. அந்த ஓட்டைகள் வழியே ரப்பர் பிதுங்கி வெட்டுப்படும். ஓரம் வெளிப்பக்கம் மடித்த, உள்பக்கம் வழவழப்பான இன்ஜெக்‌ஷன் கிளிப்.

---

ஹரோ_எம்ஜிபி (லண்டன்)

பேட்டரியை மாட்டினாப் பிறகு சாவியை ஒருக்கால் திருப்பி, பம்ப் ஓடி நிண்ட உடனே ரோர்ச் லைற்றோட ஒவ்வொரு மூட்டையும் பாருங்கோ. ஸ்டார்ட் பண்ணாமல் ரெண்டு மூண்டு தரம். பிறகு எஞ்சின் நல்லாச் சூடாகி ஆறினாப் பிறகு கிளிப் எல்லாத்தையும் திரும்பத் தொட்டுப் பாக்கவேணும். புது ரப்பர் சூட்டில கொஞ்சம் இளகிக் குடுக்கும்.

காரில ஒரு தீயணைப்பான் வையுங்கோ, சீட்டுக்குக் கிட்ட. பவுடர் வகை அடிச்சால் தீ அணையும், ஆனால் வயரிங், அலுமினியம் எல்லாத்தையும் அந்தப் பவுடர் அரிச்சுப்போடும். மிச்சம் விடாத வாயு வகை நல்லது. உங்கட காரில எஞ்சின் மூடியில கிறில் இருக்கெல்லோ, தீ எண்டால் மூடியைத் திறக்காமல் அதுக்குள்ளால அடியுங்கோ. திறந்தால் காத்துப் பூந்து இன்னும் எரியும்.

---

அசலே_அழகு (மிச்சிகன்)

துண்டுகளாவது பையில் இருக்கிறதே, அதுவே போதும். படம் எடுத்தீர்கள்தானே? போடுங்கள், துணிப் பின்னலின் அச்சு ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கலாம். அதே அச்சோடு புதுசு வருகிறதா என்று தேடித் தருகிறேன்.

எல்லாரும் எஞ்சின் பக்கத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் காரில் டாங்க் முன்னால், எஞ்சின் நடுவில். இரண்டுக்கும் இடையே சீட்டுக்கு நடுவில் டனல் வழியாக இரண்டு பிளாஸ்டிக் பைப் ஓடுகிறது, ஒன்று போக, ஒன்று திரும்ப. அதுவும் 1973 தானே? ஒரிஜினல் பைத்தியமான நானே சொல்கிறேன், அதை விட்டுவைக்காதீர்கள். ஆள் உட்காரும் இடம். அங்கே ஸ்டெயின்லெஸ் பைப் போட்டால் எந்த ஜட்ஜுக்கும் தெரியாது.

---

நடுஎஞ்சின்73 (ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா)

பார்த்தேன் சார். தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி விறைத்துப்போய் இருக்கிறது. ஃபயர்வால் தடுப்புச் சுவர் பக்கம் வெளியே வரும் இடத்தில் தொடவே பயமாக இருந்தது. ஸ்டெயின்லெஸ் செட் ஆர்டர் போட்டாயிற்று. படங்கள் நாளைக்குப் போடுகிறேன்.

டாங்க் மேலே, முன் ட்ரங்கில், ஆவி போகிற சின்ன ஹோஸ்கள் நாலைந்து, ஆவியை உறிஞ்சும் கார்பன் கேனிஸ்டர் பக்கம் போகின்றன. அதில் பெட்ரோலே ஓடுவதில்லையே, அழுத்தமும் இல்லை. அதையும் மாற்ற வேண்டுமா?

---

இஸட்_ஆசாமி (ஹூஸ்டன்)

மாற்றுங்கள். 280-இல் கேபினுக்குள் பெட்ரோல் வாடை என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காரணம் அந்த ஆவி ஹோஸ்தான். எஞ்சினைப் பிரித்து மேய்ந்துவிட்டு, கடைசியில் பின் பேனலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ஹோஸ் வெடித்திருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். டாங்க் முழுக்க நிரப்பி வெயிலில் நிறுத்தினால் திரவமே அதற்குள் ஏறும்.

டாங்க் அடியில் இருந்து டனல் பைப்புக்குப் போகிற இரண்டு குட்டி ஹோஸை மறந்துவிடாதீர்கள். டாங்கை இறக்கினால்தான் கை போகும். ஸ்டெயின்லெஸ் பைப் போடும்போது எப்படியும் டாங்க் வெளியே வரத்தான் போகிறது, அப்போதே முடித்துவிடுங்கள்.

---

பெருங்களத்தூர்_ஹெரால்டு (சென்னை)

ஆர்9 ஆன்லைன்ல கிடைச்சுது சார், எழுத்தோட. வெட்டிப் பார்த்தேன், ரப்பர் ஐயா சொன்ன வளையம் தெரியுது. உள்வளையம் மெல்லிசா, மத்த ரப்பர்லேர்ந்து தனியாத் தெரியுது. அதான் எஃப்கேஎம்மா?

---

ரப்பர்_ரிட்டயர்டு (கோவை)

அப்படித்தான் தெரிகிறது, ஆனால் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. ஒரு துண்டை நீளம் அளந்து, மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் நீங்கள் அடிக்கிற இ20-இல் ஊறப்போடுங்கள். வீட்டுக்கு வெளியே, நிழலில். ஒரு வாரம் கழித்து எடுத்து உள்வளையத்தைப் பாருங்கள். கொழகொழத்தாலோ, பிரிந்து வந்தாலோ, பெட்ரோல் கறுப்பாகியிருந்தாலோ அந்தச் சரக்கு வேண்டாம். வெளித்தோல் ஊறி உப்புவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது பெட்ரோலில் முங்குவதற்காகச் செய்தது அல்ல. டாங்குக்குள் முங்கி இருக்கவே ஆர்10 என்று தனி வகை உண்டு.